கருணாகரன், பி.ஏ.

நான் பி.ஏ. இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 1958 மார்ச்சில் எங்கள் ஊர் காஜா பெராங் முழுவதும் என்னைப் பட்டதாரி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்தில், இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். புத்தகத்தைத் திறந்தால் எதுவும் மண்டையில் ஏறாது, மூடினால் பயம். டாக்டர், ஒரு தவணை படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போ, ஏப்ரலில் திரும்பி வா என்றார். இடம் எனக்காக இருக்கும். ஆனால் திரும்பி வருகிறேன் என்று ஒரு ஃபாரத்தில் நானும், எனக்கு இருபத்தொரு வயது ஆகாததால் அப்பாவும், கையெழுத்துப் போட்டு மார்ச் இருபதுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் போச்சு.

வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் சைக்கிளில் புக்கிட் காதில் கிராமம் வரை மிதிப்பேன், திரும்புவேன், பசியாறிவிட்டு மறுபடி மிதிப்பேன். இதற்குள் ஆளுக்கொரு யோசனை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் வாத்தியாராகப் போ என்றார் ஒருவர். டைப்ரைட்டிங் கற்றுக்கொள் என்றார் இன்னொருவர். அம்மா மட்டும், "சும்மா இருடா. அதுக்குத்தானே டாக்டர் அனுப்பினாரு?" என்பாள். உலகத்தில் என்னால் முடியாத ஒரே வேலை அதுதான்.

அப்பா பொன்னுதுரை, ரப்பர் ஆலையில் கணக்கெழுதும் கிராணி. கோப்பிக் கடையில் யாரோ, "மகன் ஏன் பாதியில வந்துட்டான்?" என்று கேட்க, அவர், "பாதியா? முடிச்சிட்டான்!" என்று சொல்லிவிட்டார். அது தமிழர் சங்கச் செயலாளர் நல்லையா காதில் விழுந்தது. அந்த மனிதருக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தால் போதும், மாலை, மேடை, வாழ்த்து மடல் எல்லாம் தயார்.

"தம்பி! மெர்டேக்கா கிடைச்சாச்சு, சொந்த ஆட்சி வந்தாச்சு, வெள்ளக்காரன் ஒவ்வொருத்தனா கப்பல் ஏறுறான். நாற்காலி காலியாவுது. நம்ம ஆளு ஒருத்தன் உட்கார வேணாமா? பதினாறாம் தேதி ஞாயித்துக்கிழமை உனக்குப் பாராட்டு. மடல அச்சுக்குக் குடுத்தாச்சு" என்றார்.

அச்சுக்கே கொடுத்தாச்சாம்! அவர் படி இறங்கியதும் அப்பாவிடம் பாய்ந்தேன்.

"நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடுங்கப்பா."

"சொல்றேன், சொல்றேன்."

"ஃபாரத்துல கையெழுத்து?"

"போடலாம், என்ன அவசரம்?"

பத்து நாள் இதே பாட்டு. படித்து முடித்தவன் திரும்பப் படிக்கப் போனால் தன் பொய் நாறிவிடும் என்றுதான் இழுத்தடிக்கிறார் என்று நினைத்தேன். ஊர்ப் பேச்சுக்காகப் பெற்ற பிள்ளையின் படிப்பைக் கெடுப்பாரா ஒருவர்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை சங்க மண்டபம் நிரம்பிவிட்டது. பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, செட்டி வீட்டாரும் வந்து ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பல நூறு வருஷத்துக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வணிகர் வம்சம். சாமி நம் சாமிதான், ஆனால் அவர்கள் பேச்சு மலாய். தமிழ் அங்கொரு சொல், இங்கொரு சொல். நல்லையா, கண்ணாடிச் சட்டம் போட்ட மடலைத் தூக்கிப் பிடித்து, "காஜா பெராங் ஈன்ற கல்விக் கதிரவனே! கருணாகரன், பி.ஏ. அவர்களே!" என்று முழங்கினார். கழுத்தில் மாலை அரித்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் பி.ஏ. இல்ல. படிப்பு பாதியில நிக்குது. தூக்கமில்லாம, மனசு சரியில்லாம வீட்டுக்கு வந்தேன். ஏப்ரல்ல திரும்பிப் போவணும்."

தமிழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செட்டி வரிசை மட்டும் பலமாகக் கைதட்டியது. அலாமாக்! மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று, இந்தத் தடவை மலாயில்: "சாயா பெலும் ஹாபிஸ் பெலாஜார்." நான் இன்னும் படித்து முடிக்கவில்லை. முதல் தடவை கோபத்தில் சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவை அப்பாவைப் பார்க்காமல் சொன்னேன். கைதட்டல் நின்றது. அப்பா முதல் வரிசையிலிருந்து எழுந்து வெளியே நடந்தார்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் இருந்தார். அவர் வாய் திறக்கும் முன் நான் கத்தினேன். "உங்களுக்கு ஊருதானே பெருசு? நான் எக்கேடு கெட்டா என்ன?"

"ஊரு கெடக்குது லா." அவர் குரல் எழும்பவே இல்லை. "அன்னிக்கு பஸ்ஸ விட்டு எறங்கினப்ப நீ எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. சட்டப் பொத்தான மாத்திப் போட்டிருந்த. என்னப் பாத்து, யாரோ எவரோன்னு நின்ன. முடிச்சிட்டான்னு சொல்லிட்டா உன்ன மறுபடி அங்க அனுப்ப வேண்டியதில்ல. அதான்டா சொன்னேன்."

பத்து நாளாக அவரை என்னவெல்லாம் நினைத்தேன், பாவி!

அம்மா ஃபாரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அப்பா பேனாவைத் திறந்தார், மூடினார்.

"மறுபடி அப்படி வந்தா?"

"வராதுப்பா."

"வந்தா என்ன செய்வேன்னு கேக்குறேன்."

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாது என்றேன்.

அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். "வந்தா அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு வந்துடு. எத்தன தடவ வேணும்னாலும் வா. ஊருக்கு நான் என்னமாச்சும் சொல்லிக்கிறேன்."