அன்னக்கொடி வையும் பள்ளிக்கூடம்

அன்னக்கொடிக்கு வாய் நீளம். இதை அவளே சொல்லுவாள். அடுத்தவர் சொன்னால்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும். கொடைக்கானல் டவுனை விட்டு வெளியே வந்து பூண்டி ரோட்டில் திரும்பினால் வருகிற அந்த ஊரில் அவள் வையாத ஆளும் கிடையாது, வையாத பொருளும் கிடையாது. இருந்தாலும் அவள் வசவில் முக்கால் பங்கு ஊர் நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்ச் சேரும். எட்டாவது வரைக்கும் உள்ள அரசாங்கப் பள்ளிக்கூடம் அது. மகள் பொன்னுத்தாய் அங்கேதான் ஆறாவது படித்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அந்த வாய் அவளுக்கே வினையாக வந்து நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூண்டு மூட்டையோடு சந்தைக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தாள். ஜீப்பில் ஏறி வாயை மூடிக்கொண்டு வருகிற பழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லை. எதிரே ஸ்வெட்டர் போட்ட ஒரு மனுஷர், "உங்க ஊருப் பள்ளிக்கூடமெல்லாம் எப்படிம்மா?" என்று பேச்சுக்குக் கேட்டார். அது போதாதா இவளுக்கு.

"அத ஏன் கேக்குறீங்க போங்க. மழ வந்தா வெளிய பெய்யிறத விட உள்ளதான் நல்லாப் பெய்யும். குளிரு தாங்காம பிள்ளைக வெயிலு போற பக்கமெல்லாம் பலகையத் தூக்கிக்கிட்டுப் போகும். மேகம் மறைச்சா அன்னைக்குப் பாடமும் அம்புட்டுத்தான். கணக்கு வாத்தியாரு பஸ்ஸு வந்தா வருவாரு. அந்த பஸ்ஸு என்னைக்கு ஒழுங்கா வந்திருக்கு?"

ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனுஷரும் சிரித்தார். அன்னக்கொடிக்கு உற்சாகம் தாங்கவில்லை, சந்தை வருகிற வரைக்கும் வைதுகொண்டே போனாள்.

அடுத்த மாசம் அதே ஸ்வெட்டர் பள்ளிக்கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கல்வி ஆபீசர் அடைக்கலராஜாம். பக்கத்து நாற்காலியில் பஞ்சாயத்துத் தலைவர் நல்லுசாமி. பெற்றவர்களும் பிள்ளைகளும் எதிரே புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் அன்னக்கொடி முன்னால் இருந்தவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆபீசர் தன்மையாகத்தான் பேசினார். "ஆறு, ஏழு, எட்டு, இந்த மூணு கிளாஸையும் டவுன் ஸ்கூலோட சேர்த்துரலாம்னு ஒரு யோசனை இருக்கு. இது நானாச் சொல்றதில்லை. இங்க படிப்புச் சரியில்லைன்னு பெத்தவங்களே சொல்றாங்க. ஒரு தாய் எங்கிட்ட நேர்லயே சொன்னாங்க."

மழை, வெயில், பஸ் என்று அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவர் ஒப்பித்தார். இப்படி வாய்விட்டு வைகிற பொம்பளை ஊரில் யார் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை தலையும் அன்னக்கொடி பக்கம் திரும்பியது. பெரிய டீச்சர் சூசையம்மாள் திரும்பாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் இவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

டவுனுக்கு நாலு மைல், முழுக்கச் சோலைக்காடு. ஜீப் சந்தை நாளில் மட்டும்தான் வரும். காலையில் பனி விலகுவதற்குள் காட்டெருமை ரோட்டுக்கு வந்து நிற்கும். ஆம்பளைப் பிள்ளைகள் எப்படியாவது போகும். பொம்பளைப் பிள்ளைகளை எவன் அனுப்புவான்? அன்னக்கொடி காலத்தில் ஊரில் அஞ்சாவது வரைக்கும்தான் இருந்தது, அவள் படிப்பும் அஞ்சாவதோடு நின்றது. அவள் புருஷன் வேலப்பனோ, பொன்னுத்தாய் நின்றால் பூண்டுக்குக் களை எடுக்க ஒரு கை கூடும் என்று இப்போதே முணுமுணுக்கிற ஆள். இந்த மூணு கிளாஸும் போனால் மகள் நாளைக்கே களைக்கொத்தைத் தூக்க வேண்டியதுதான். கிளாஸைப் போக வைத்ததும் பெற்றவள் வாய்தான் என்று ஆகிவிடும்.

"ஆபீசரு நம்ம நல்லதுக்குத்தான சொல்றாரு" என்று நல்லுசாமி எழுந்தார். கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது.

அந்த ஊரில் கூட்டத்துக்கு நடுவே வருகிற தட்டில் வெற்றிலை எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். எடுத்தபிறகு பேச்சு மாறக் கூடாது. ஆபீசருக்கு அது தெரியாது, ஏதோ உபசாரம் என்று நினைத்துச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். நல்லுசாமிக்கு நன்றாகத் தெரியும். காலியாகிற மூணு ரூமிலும் அவர் பூண்டுதான் மூட்டை மூட்டையாக ஏறப்போகிறது என்பது ஊருக்கும் தெரியும். தெரிந்து என்ன, கேட்க ஆள் வேண்டாமா? தட்டு முதலில் சின்னக்கருப்பனிடம் போனது. அவனும் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினான்.

"அண்ணே, கைய எடுங்க" என்றாள் அன்னக்கொடி.

எழுந்து போய்த் தலைவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"நீங்கதானேம்மா ஜீப்ல சொன்னது?" என்றார் ஆபீசர்.

"நாந்தாங்க சார். அதுல ஒரு வார்த்த பொய் இல்ல. இன்னும் நெறைய இருந்துச்சு, அதுக்குள்ள சந்த வந்துருச்சு. தகரம் ஒழுகுதுன்னா தகரத்த மாத்துங்க. வாத்தியாரு வரலைன்னா வரச் சொல்லுங்க. எங்க வீடுந்தான் ஒழுகுது, அதையும் நாலு பேருகிட்ட வையிறேன். அதுக்காக வீட்டக் காலி பண்ணுன்னு இன்னைக்கு வரைக்கும் எவனும் வந்து கேட்டதில்லீங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நல்லுசாமி, "ஏத்தா, பேசாம ஒக்காரு, சோலி கெடக்கு" என்று அதட்டினார்.

"ஒங்க சோலி என்னன்னு தெரியும் தலைவரே. வெரசாப் பூண்டு அடைக்கணும், அம்புட்டுத்தான?"

ஆபீசர் கையைக் காட்டி இருவரையும் அமர்த்தினார். "படிக்கிற பிள்ளையே சொல்லட்டும்" என்று முன்வரிசையில் இருந்த பொன்னுத்தாயைக் கூப்பிட்டார். அவள் யார் மகள் என்பது அவருக்குத் தெரியாது. "பயப்படாமச் சொல்லு பாப்பா. உனக்கு இந்த ஸ்கூல் பிடிச்சிருக்கா?"

பிடிச்சிருக்கு என்று சொல்லச் சொல்லி சூசையம்மாள் டீச்சர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"பிடிக்கலைங்க சார்" என்றாள் பொன்னுத்தாய்.

நல்லுசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாவி மகளே, கெடுத்தியே என்று அன்னக்கொடி மனசுக்குள் அலறினாள்.

"ஏன் பிடிக்கலை?"

"எட்டாவதோட முடிஞ்சுருதுங்க. பத்தாவது வரைக்கும் வைங்க."

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. பதில் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். ஆபீசர் டீச்சரைப் பார்த்தார். அன்னக்கொடிக்குப் பெருமையில் கண் கலங்கிப் போனது. தன் வாய் மகளுக்கும் வந்துவிட்டது. தன்னுடையதை விட நல்ல வாயாகவே வந்திருக்கிறது. தட்டைக் கொண்டுபோய் ஆபீசர் முன்னால் நீட்டினாள். அவர் கை வெற்றிலைக்கு வந்தது.

"கொஞ்சம் இருங்க சார். எங்க ஊருல இத எடுத்தா சம்மதம்னு அர்த்தம். தலைவரு ஒங்ககிட்டச் சொல்லல போல. பத்தாவதுக்குச் சம்மதம்னா எடுங்க."

கை அந்தரத்தில் நின்றது. அவர் நல்லுசாமியை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு அவ்வளவு அதிகாரம் இல்லைம்மா."

"சரிங்க. அப்ப எங்களுக்கும் சம்மதம் இல்ல."

தட்டைத் தரையில் வைத்தாள். ஒருவர் கையும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆபீசர் போன பிறகு நல்லுசாமி தானே குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் மாசம் மூணு கிளாஸும் இருந்தபடியே திறந்தன. ஏழாவது கிளாஸ் கூரையில் நாலு தகரம் புதுசாக வந்திருந்தது. பத்தாவது வரவில்லை, பஸ்ஸும் வழக்கம்போல வரவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி ஜீப்பில் ஏறினாள். மூட்டையைக் காலடியில் தள்ளிவிட்டு எதிரே இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஆபீசருக யாரும் இருந்தா நல்லாக் கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வைய ஆரம்பித்தாள்.