கைநாட்டும் கயிறும்

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டை ஒட்டிக் கிடங்கு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் வாசலில் காலை ஏழு மணிக்கே மை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் காண்டிராக்டர் ஞானதுரை. சாரத்தில் ஏறப்போகிறவன் யாரானாலும் முதலில் கட்டைவிரலை நீட்ட வேண்டும். 'கயிறு பழையது என்று தெரிந்தே ஏறுகிறேன். விழுந்தால் பொறுப்பு என்னுடையதே' என்று காகிதத்தில் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் விரலைப் பதித்துவிட்டு ஏறிப் போவார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்து பத்து வருஷம் இரும்புக்கடையில் நின்றவருக்கு இதுதான் முதல் காண்டிராக்ட். கோர்ட்டு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் பயந்துவிடுவார். அந்த முன்ஜாக்கிரதையில் அவர் நல்ல கயிறு வாங்குவதை விட்டுவிட்டு, காகிதத்தைக் கவசமாக நம்பினார்.

அன்று கொத்தனார் திருமலை விரலைப் பதித்தபோது, சித்தாளாக வேலை செய்யும் அவன் மனைவி அங்கம்மா கீழே கிடந்த துண்டுக் கயிற்றை எடுத்தாள். முந்தின நாள் மேல்சாரம் கட்டியதில் மிஞ்சியது அது. அவள் பிறந்த வீடு காத்திவாக்கம் மீனவர் குப்பம்.

"இது இன்னா மொதலாளி, எங்க குப்பத்துல கட்டுமரம் கட்டிட்டுக் கழிச்சிப் போட்ட கவுறாச்சே? ஈரத்துல கீற வரிக்கும் தாங்கும். வெயில்ல காஞ்சா உள்ளே இத்துப்பூடும், பாருங்க." அவள் முறுக்கைப் பிரித்தாள். நார் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"கயிறு பாக்கவாம்மா நீ வந்தே? உன் வீட்டுக்காரன் கைநாட்டு வச்சாச்சுல்லா?"

"கைநாட்டு வெச்சா கவுறு அறாதா மொதலாளி?"

"சும்மா கெட அங்கம்மா, பேஜாரு பண்ணாத" என்று சொல்லிவிட்டுத் திருமலை ஏறினான். ஏறாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

ஞானதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நிம்மதி என்று காகிதங்களைப் பையில் திணித்துக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்து ராயபுரம் போனார். வக்கீல் சங்கரநாராயணன் அவருடைய ஊர்ப்பக்கத்துக்காரர். ஒரு காகிதத்தைப் படித்ததுமே கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருவே இதை எழுதினது?"

"நான்தான் அண்ணாச்சி."

"கைநாட்டு வாங்கிப் பொறுப்பைத் தள்ளிவிட முடியாதுவே. சட்டத்துல இது செல்லாது. அது கிடக்கட்டும். கயிறு பழசுன்னு உமக்குத் தெரியும்னு உம்ம கைப்படவே எழுதி வச்சிருக்கீரே! ஒருத்தன் விழுந்தான்னா உமக்கு எதிரா வேற சாட்சி எதுக்கு?"

ஞானதுரை காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். "அண்ணாச்சி, இப்பவே ஒரு ஆளு மேலே நிக்கான்."

"அப்போ இங்க என்ன செய்யுதீரு? ஓடும்வே!"

திரும்பி வரும்போது கடல் காற்று வலுத்திருந்தது. விலங்கு மாட்டிய தன் கைகள்தான் வழியெல்லாம் அவர் கண்ணில் நின்றன. கொருக்குப்பேட்டை ரயில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே, தூரத்தில், சாரத்தின் உச்சியில் திருமலையின் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தது. பெட்டி வந்து மறைத்தது. மறுபடி தெரிந்தது. மறுபடி மறைந்தது. ஒவ்வொரு தடவையும் ஞானதுரையின் உயிர் போய்ப் போய் வந்தது. விலங்கும் கோர்ட்டும் எங்கே போயினவோ தெரியவில்லை. "கர்த்தரே, அவன் நிக்கணும், அவன் நிக்கணும்" என்று மட்டும் வாய் முனகியது.

கேட் திறந்ததும் ரிக்‌ஷாவை விட்டுவிட்டு ஓடினார். "திருமலை! இறங்குலே! கட்டையைப் பிடிச்சுக்கிட்டு மெள்ள இறங்கு!"

திருமலை கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கத் தொடங்கினான். பாதி வந்தபோது மேலே கயிறு அறுந்தது. அவன் நின்றிருந்த பலகை செங்கற்களோடு தலைகீழாக விழுந்து தரையில் குத்தி நின்றது. சவுக்குக் கட்டையைக் கட்டிப்பிடித்தபடியே அவன் சரிந்து வந்து மணல் குவியலில் விழுந்தான். தோள் உரிந்து ரத்தம் வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஞானதுரை ஓடிப்போய் அவனைத் தூக்கி உட்காரவைத்தார்.

அங்கம்மா புருஷனைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் ஞானதுரையின் பக்கம் திரும்பினாள். "இந்த ஆளு செத்துப் பூட்டிருந்தா, உங்க கடுதாசியக் கட்டிக்கினா மொதலாளி நான் அழுவணும்?"

ஞானதுரை அன்றே சாரம் முழுவதையும் பிரிக்கச் சொன்னார். பிரித்த நாளுக்கும் எல்லோருக்கும் கூலி உண்டு என்றார்.

புதுக் கயிற்றில் சாரம் எழும்பிய காலையில், தோளில் கட்டோடு வந்த திருமலை பழக்கதோஷத்தில் கட்டைவிரலை நீட்டினான். மை டப்பாவைக் காணவில்லை. ஞானதுரை அவன் கையைப் பிடித்துச் சாரத்துக் கயிற்றின் மேல் வைத்தார்.

"விரல் வேண்டாம்ப்பா. இதை இழுத்துப் பாரு. மேலே நிக்கவனைத் தாங்குறது கயிறு, காகிதம் இல்ல. உன்னை ஏறச் சொன்னவன் நான். உன் உயிருக்கு நான்தான் பொறுப்பு. அதை உன் கைநாட்டால கழுவிரலாம்னு நெனச்சேன் பாரு, அதான் நான் செஞ்ச பாவம்."

திருமலை தயங்கினான். அங்கம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து, தன் பலம் முழுவதையும் கூட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் புருஷனை ஏற விட்டாள்.