இடதுபக்கத்து எர்த் வயர்

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு அணையவில்லை, ஆயில் விளக்கு அணையவில்லை. சுலோசனா இண்டிகேட்டரைப் போட்டாள். அது மினுக்கும்போதெல்லாம் பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறி இறங்கியது. ஹாரனை அழுத்தினால் சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"வித்துடலாம்னா கேக்க மாட்ற," என்றான் சகாதேவன். வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மரக்காணத்திலிருந்து ஊர் ஊராக உப்பு லாரி ஓட்டிய ஆள். இரண்டு கிட்னியும் கைவிட்ட பிறகு ஸ்டியரிங் பக்கமே போவதில்லை.

"வித்துட்டு? உன்ன இடுப்புல தூக்கிக்கினு போறதா?"

வாரத்துக்கு மூன்று நாள் அவனுக்குப் புதுச்சேரியில் டயாலிசிஸ். ஆரம்பத்தில் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்தான். அதற்காகத்தான் இந்தப் பழைய காரை வாங்கினாள் சுலோசனா. நாற்பதைத் தாண்டிய வயதில், விடிகாலையில் உப்பளப் பாத்தியில் உப்பு வாரிவிட்டு வந்து, வெயிலில் கார் ஓட்டப் பழகினாள். ஊர் சிரித்தது. சிரித்த ஊரா அவனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடப்போகிறது?

போன வெள்ளிக்கிழமை கீழ்புத்துப்பட்டைத் தாண்டும்போது கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. யார் யாரோ தள்ளிவிட்டு, எப்படியோ போய்ச் சேர்வதற்குள் மிஷினில் வேறு ஆளைப் படுக்கவைத்துவிட்டார்கள். இவனுக்குக் கிடைத்தது பாதி நேரம்தான். வீங்கிய காலை அமுக்கிப் பார்த்த டாக்டரம்மா சுலோசனாவைத்தான் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ தண்ணி எப்படிம்மா ஏறுது? சமையல்ல உப்பு போடறீங்களா?" இல்லை என்று சுலோசனா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். டாக்டரம்மா நம்பின மாதிரித் தெரியவில்லை. "அடுத்த தடவ மட்டும் தவறிச்சு, நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். ஆள் தங்க மாட்டாரு," என்றாள்.

அந்த அடுத்த தடவை நாளைக் காலை. நாளைக்கென்று பார்த்து முகூர்த்தம் வேறு. சுற்றுவட்டாரத்தில் இருந்த வாடகைக் கார் அத்தனையும் கல்யாண வீட்டுக்குப் பேசியாகிவிட்டது. எலக்ட்ரீசியன் ராஜ்கமலும் ஏதோ மண்டபத்தில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தான். பேட்டரியை மாற்றியும் விளக்கு அணையாததில் அவனே கொஞ்சம் வெட்கப்பட்டுப் போயிருந்தான்.

"அக்கா, முள்ளு ஆடுதுன்னா அது எர்த்துதான். பாடியில எங்கயோ சரியாப் புடிக்கல," என்றான் போனில். "எந்த எர்த்துன்னு தேடறதுதான் பேஜாரு. ஒரு நீட்டு வயர எடு. ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல மாட்டு. வண்டி ஓடட்டும். பாடியில போல்ட் போட்டு முறுக்கின கருப்பு வயரு எங்கெங்க இருக்குதோ, அந்த வயரு முனைய ஒவ்வொண்ணா தொட்டுப் பாரு. எதத் தொட்டா வெளக்கு அணையுதோ அதான் கோளாறு."

"அம்புட்டுதானே," என்றாள் சுலோசனா. அவள் எதையாவது பிடித்தால் விடமாட்டாள். கல்யாணமான புதிதில் சகாதேவனுக்கு அது பிடித்திருந்தது.

பானெட்டுக்குள் இருந்ததையெல்லாம் தொட்டாள். எமரி பேப்பரால் தேய்த்து முறுக்கி மறுபடியும் தொட்டாள். விளக்கு எரிந்தபடியே இருந்தது. வயரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். டிரைவர் பக்கம் காலடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதன் திருகு துருவேறி, கழற்றுவதற்குள் விரல் தோல் உரிந்தது. உள்ளே இருந்த போல்ட் பளிச்சென்றுதான் இருந்தது.

இடதுபக்கக் கதவைத் திறந்தாள்.

"அங்க ஒண்ணும் இருக்காது," என்றான் சகாதேவன். "பானெட்டயே நல்லாப் பாரு."

"பாத்தாச்சு."

"பசிக்குதுடி. மொதல்ல சோத்தப் போடு."

கை கொடுக்காமல் எழுந்திருக்க முடியாதவன் தானாக எழுந்து நாலடி வந்துவிட்டான். சுலோசனா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தாள். இந்தப் பக்கத்து மூடியில் திருகே இல்லை. விரல் பட்டதும் கையோடு வந்தது. தினமும் யாரோ திறந்து மூடுகிற மாதிரி.

உள்ளே ஒரு பாலித்தீன் பொட்டலம். ஓட்டையாகிக் கசிந்து, அதன் கீழே போல்ட்டும் வயரும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தன. பொட்டலத்தை நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. கல்லுப்பு. அவள் தினமும் தலையில் சுமக்கிற அதே உப்பு.

பூத்திருந்ததைச் சுரண்டிவிட்டு வயர் முனையைத் தொட்டாள். விளக்குகள் அணைந்தன. முள் ஆடாமல் நின்றது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த டாக்டரம்மா முன்னால் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது.

"இன்னாய்யா இது?"

சகாதேவன் கார் கதவைப் பிடித்தபடி நின்றான். "எப்பவாச்சும் ஒரு சிட்டிகை. போற வழியில, நீ டீ வாங்க எறங்கறப்ப." அவள் பொட்டலத்தை முகத்துக்கு நேரே நீட்டவும் அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "உனக்கு இன்னா, நீ உப்பு போட்டுத் தின்ற. என் சோத்த ஒரு நாள் தின்னு பாரு, தெரியும்."

"நம்ம வூட்டுல உப்பு டப்பா எங்க இருக்குது, சொல்லு."

அவன் யோசித்தான். அடுப்பு மேடை, அலமாரி, பரண் என்று மனசுக்குள் தேடினான் போலிருக்கிறது.

"உனக்கு மிஷின் வெச்ச அன்னிக்கே தூக்கிக் கொட்டிட்டேன். ஒரே சட்டிதான்யா. நீ தின்றதத்தான் நானும் தின்றேன்."

சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். போல்ட்டைக் கழற்றினாள். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தாள். வயரை மாட்டி, முழு பலத்தையும் போட்டு முறுக்கினாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை ஓய்வாக இல்லை. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தபோது விளக்குகள் ஒருமுறை எரிந்து, வரிசையாக அணைந்தன. ஹாரன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது.

ராஜ்கமல் போன் செய்தான். "இன்னாக்கா, கெடச்சுதா?"

"கெடச்சுதுப்பா. இடதுபக்கம் காலடியில."

"உள்ளக்குள்ள எப்பிடி துரு புடிச்சுது?"

சுலோசனா புருஷனைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்துகொண்டான்.

"உப்புக்காத்துதாம்பா," என்றாள். "கடலோரம் இல்லியா."

போனை வைத்ததும் சகாதேவன் மெல்ல நடந்து காரின் பின்பக்கம் போய் நின்றான்.

"சுலோ, டிக்கியத் தொற," என்றான். "ஸ்டெப்னிக்கு அடியில இன்னொரு பொட்டலம் இருக்குது."