டீ கிளாஸில் வெந்நீர்

என் மனைவி சுரேகா இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அவளுடைய அப்பா என்னோடுதான் இருக்கிறார். இப்படி இருக்கலாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அவர் போகவில்லை, நான் போகச் சொல்லவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் வாடகை வீடு. எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்ட். காலையில் அவர் குழம்பு வைப்பார், நான் துணி துவைப்பேன். பேச்சு குறைவு.

மாமா எத்திராஜ் ரிடையர் ஆகும்வரை இரும்பு வார்க்கும் பவுண்டரியில் உலை முன்னால் நின்றவர். தண்ணீர் குடிப்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அண்ணாந்து, சொம்பைத் தூக்கி, உதட்டில் படாமல் ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்வார். தொண்டை மட்டும் ஏறி இறங்கும். ஒரு சொட்டு சட்டையில் சிந்தாது.

சித்திரை மாதம் மொபெட்டிலிருந்து விழுந்தார். கழுத்தில் அடி. ஆறு வாரம் கழுத்தில் காலர் போட வேண்டும், அண்ணாந்து தலையைத் தூக்கவே கூடாது என்றார்கள்.

அதோடு தண்ணீர் நின்றது. முதல் நாள் காலரோடு சொம்பைத் தூக்கினார். பாதித் தண்ணீர் காலருக்குள் இறங்கியது. ஸ்பாஞ்ச் நனைந்து ஒரே அரிப்பு. டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கச் சொன்னேன். பழக்கத்தில் ஒரே மடக்காக உள்ளே தள்ளினார். புரை ஏறியது. இருமினால் கழுத்து வலி. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். ஸ்ட்ரா வாங்கி வந்தேன்.

“இன்னா மாப்ளே, அப்டியே பால் புட்டி வாங்கி வாய்ல உட்டு, தொட்டில்ல போட்டு ஆட்டேன்.”

அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் “தாகம் இல்லபா” என்பார். வெளியே அனல் அடித்தது. ஒருநாள் பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். தூக்கிக்கொண்டு போனேன். டிரிப்ஸ் ஏற்றினார்கள். கிட்னி சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் கூடியிருந்தது.

“பெரிய வியாதி ஒண்ணும் இல்ல. உடம்புல தண்ணி இல்ல, அவ்ளோதான்” என்றார் டாக்டர். “ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் உள்ள போகணும். அடுத்த சனிக்கிழமை திரும்ப ரத்தம் பாக்கலாம்.”

சுரேகாவின் அக்கா ரேகா நூம்பலிலிருந்து வந்தார்.

“நீங்க ஷிப்டுக்குப் போயிட்டா நைனாவ யாரு தம்பி பாக்கறது? சனிக்கெழம டெஸ்ட் சரியா வர்லன்னா நான் இட்டுகினு பூடறேன்.”

“நான் இன்னா கேஸ் சிலிண்டரா, தூக்கினு போறதுக்கு?” என்றார் மாமா.

ரேகா சிரிக்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். சரிக்கா என்றேன்.

மாமா போனால் வீட்டில் நான் மட்டும் இருப்பேன். அதை யோசித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. ஏதோ ஒன்று பிடிக்கவில்லை என்று தோன்றியதே ரொம்ப நாளைக்குப் பிறகுதான்.

மறுநாள் காலை அவர் டீக்கடைக்குக் கிளம்பினார். தனியாக அனுப்ப பயந்து கூடவே போனேன். பெஞ்சில் துலுக்கானம் இருந்தார். பவுண்டரியில் மாமாவோடு வேலை செய்தவர். கடைக்காரன் பாஸ்கரன் டீ போட்டுக் கொடுத்தான். மாமா துண்டு நுனியால் கிளாஸைப் பிடித்தார். ஊதினார். ஒரு வாய் உறிஞ்சினார். பேசினார். மறுபடி ஒரு வாய். புரை ஏறவில்லை. தலை அசையவில்லை.

தண்ணீரை உறிஞ்சத் தெரியாத மனிதர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

பாஸ்கரனிடம் மெதுவாகச் சொன்னேன். “அவருக்கு இன்னொரு கிளாஸ். பால் வேணாம், சக்கர வேணாம், தூள் வேணாம்.”

“அதுக்குப் பேரு வெந்நி சார்.”

“அதான்.”

கிளாஸ் பெஞ்சுக்கு வந்தது. மாமா முறைத்தார்.

“இன்னாடா பாஸ்கரா, தூளு தீந்துபோச்சா?”

“கலர் பூட்ச்சி எத்திராஜி” என்றார் துலுக்கானம். “ஒன் மண்ட மாரியே வெளுத்துகீது.”

“ஒனக்கு வெளுக்கறதுக்காவது எதுனா கீதா மண்டைல?”

கடையே சிரித்தது. பிறகு பேச்சு தெருவில் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்துக்குப் போனது. மாமா கவுன்சிலரைத் திட்டினார். நடுநடுவே கை தானாகக் கிளாஸை எடுத்தது. ஊதினார், உறிஞ்சினார். கிளாஸ் காலி.

பாஸ்கரனிடமே இரண்டு டீ கிளாஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். தொடவில்லை.

“தனியா ஒக்காந்து எவன் குடிப்பான்? இது இன்னா கஷாயமா?”

இன்னொரு கிளாஸில் எனக்கும் ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் ஊதினார். நானும் ஊதினேன். கையில் டீ கிளாஸ் இருந்தால் அவரால் பேசாமல் இருக்க முடியாது.

“சின்னதுல அவதான் எனக்கு சோறு கொண்டாருவா, கம்பெனிக்கு” என்றார். “வாட்ச்மேன் உள்ள உட மாட்டான். அவன்கிட்ட இன்னா சொல்லுவா தெர்யுமா? ‘எங்க நைனாதான் இந்த கம்பெனி ஓனரு. கேட்ட தொறடா’ன்னுவா.”

“அவன் தொறப்பானா?”

“சல்யூட் அடிச்சிட்டுத் தொறப்பான்பா!”

இது எனக்குத் தெரியாது. சுரேகா சொன்னதே இல்லை. சிரித்துவிட்டேன். அவர் கிளாஸை நீட்டினார். ஊற்றினேன்.

அந்த வாரம் முழுக்க இப்படித்தான். நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஃபிளாஸ்கை நிரப்பி வைப்பேன். எதிரில் உட்கார துலுக்கானம் வந்துவிடுவார். “வாய்க்கு ருசியா ஒண்ணும் கெடையாது, வெந்நி குடிக்க ஆள் கூப்புடறான் பாரு” என்று திட்டிக்கொண்டேதான் வருவார். ஆனால் வருவார். எனக்கும் பழகிவிட்டது. வேலையிடத்தில் அடிக்கடி வரும் தலைவலி வரவில்லை என்பதை வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன்.

சனிக்கிழமை ரேகாவும் வந்தார். ரிசல்ட் சரியாக இருந்தது. டாக்டருக்கு சந்தோஷம்.

“தண்ணி எவ்ளோ குடிக்கறீங்க?”

“இருவது டீ சார்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “இருபது டீயா?”

“தூளு, பாலு, சக்கர ஒண்ணும் கெடையாது சார்.”

நான் விளக்கிச் சொன்னேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்ததும் ரேகா கேட்டார். “வெந்நி நான் வெச்சுத் தர மாட்டனா நைனா? டெஸ்ட் நல்லா வந்தா இன்னா, எங்கூட்டுக்கு வரக்கூடாதா?”

“வரேன்மா, ரெண்டு நாளு. உங்கூட்ல எதிர்ல ஒக்கார யாரு கீறா? நீயும் ஒன் ஊட்டுக்காரரும் காலைலயே வேலைக்கு ஓட்றீங்க.”

ரேகா என்னைப் பார்த்தார். “உங்களுக்குத் தொந்தரவு இல்லியா தம்பி?”

“இல்லக்கா. அவரு இங்கயே இருக்கட்டும்.”

சத்தம் கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டது போலிருந்தது. மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார்.

“எங்க கெளம்பிட்ட? காலைல இருந்து இன்னா குடிச்ச நீ?” என்றார் மாமா.

“பஸ்ல போவணும் நைனா. நடுவுல எங்க எறங்கறது? ஊட்டுக்குப் போயி குடிச்சிக்கறேன்.”

“தண்ணி குடிக்காத உயுந்தா ஒன்ன யாரு தூக்கினு போறது? பஸ் ஸ்டாண்ட்ல பாத்ரூம் கீது. ஒக்காரு.”

ரேகா உட்கார்ந்தார். இருந்த இரண்டு கிளாஸையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் டம்ளர் எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் ஊதினோம்.