குழல் நிற்கும் இடம்

ஹெஸ்டர் கொண்டுவந்த மெட்டில் ஒரு கோளாறு இருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே குழல்கள் சட்டென்று நின்றுவிடும். டிரம் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் நடக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் குழல்கள் வந்து சேர்ந்துகொள்ளும். மெட்டு முழுக்க இப்படித்தான்.

எங்கள் ஊர்க் குழல்-டிரம் குழுவில் நான் டிரம்காரன். டிரம்களைத் தனியாக விட்டால் எனக்குக் கசக்குமா? ஆனாலும் ஏன் நிற்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கனெக்டிகட் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் படைக்கு, இருநூறு வருஷத்துக்கு முன்னால் குழல் ஊதிய ஒருவன் எழுதியது. பெயர்கூட வைக்கவில்லை. எழுதும்போது தூங்கிவிட்டானா? நடுநடுவே ஒரு வாய் ரம் குடிக்க இடம் விட்டானா?

குழுத் தலைவர் வெண்டெலுக்கு வேறு சந்தேகம். ஒத்திகையில் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டார்.

"ஹெஸ்டர், உண்மையச் சொல்லு. உன் மூச்சுக்குத் தோதா நீயே வெட்டிட்டியா?"

போன குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை செய்து ஹெஸ்டரின் ஒரு நுரையீரலில் பாதியை எடுத்திருந்தார்கள். முப்பது வருஷமாக முதல் வரிசையில் ஊதுகிறவள். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு சுரம்கூட நான் தொடல. அவன் எழுதினபடியே இருக்கு."

"அப்ப ஏன் நிக்குது?"

"தெரியலயே! அதத் தெரிஞ்சுக்கத்தானே வாசிச்சுப் பாக்கலாங்கிறேன்."

"உக்காந்து வாசிச்சுப் பாத்தாச்சு, நொண்டுது. ஜூலை ஊர்வலத்துக்கு வழக்கமான மெட்டுதான். நீ கொடியப் பிடிச்சுட்டு முன்னால வா. கொடி பிடிக்க மூச்சு வேண்டாம்."

சலுகை செய்வதுபோல அவர் அதைச் சொன்னதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் குழுவில் கொடியைக் கொடுத்தால், இனி ஊத வேண்டாம் என்று அர்த்தம். ஹெஸ்டர் கொடியை வாங்கிக்கொண்டாள். குழலை மட்டும் இடுப்பிலேயே செருகியிருந்தாள்.

ஊர்வலத்தில் எப்போதும் மேலே தேவாலயத்திலிருந்து வாசித்துக்கொண்டே படகுத்துறைக்கு இறங்குவோம். இந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் ஏறித் துறைத் திடல் சேறாகிவிட்டது. விழாவை மேலே தேவாலயத்துப் புல்வெளிக்கு மாற்றிவிட்டார்கள். நாங்கள் துறையிலிருந்து மேடேற வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்துப் படைவீரர் உடுப்பில் கம்பளிக் கோட்டு, முக்கோணத் தொப்பி, மேலே கொளுத்தும் வெயில். பாதி மேட்டிலேயே குழல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வெண்டெலின் குழலில் வெறும் காற்றுதான் வந்தது. இருபுறமும் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, டிரம் மட்டும் அநாதையாக முழங்கியது.

ஹெஸ்டர் திரும்பினாள். கொடியை வெண்டெல் கையில் திணித்துவிட்டுக் குழலை எடுத்தாள்.

அந்தப் பெயரில்லாத மெட்டு. எங்களுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கிய இடத்தில் குழல் நின்றது. நாங்கள் அடித்துக்கொண்டே நடந்தோம். அவள் மூச்சை நிறைத்துக்கொண்டு மறுபடி சேர்ந்தாள். மறுபடி இரைத்தது, மறுபடி நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த மனுஷன் இதே மேட்டில் ஊதிக்கொண்டு ஏறியவன்! பின்னாலிருந்த குழல்களும் ஒவ்வொன்றாக அவளோடு சேர்ந்துகொண்டன.

உச்சியில் வெண்டெல் கொடிக்கம்பைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவன்... இந்த மேட்டுக்குன்னே... எழுதியிருக்கான்..."

ஹெஸ்டருக்கும் இரைத்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அது கெடக்கட்டும். கொடி பிடிக்க மூச்சு வேண்டாம்னியே வெண்டெல், உனக்கு ஏன் இப்படி வாங்குது?"