தாம்பூலத்தில் போன கொட்டாவிக்காரன்

நந்தனத்தில் இருந்த அந்த அலுவலகத்தில் சுப்பராமன் நடந்து வந்தால் சுவர்க்கடிகாரம்கூடக் கொஞ்சம் பயந்துதான் ஓடும். தணிக்கைப் பிரிவுக்கு அவர் கண்காணிப்பாளர். அவர் தலை தெரிந்ததும் சிரித்துக்கொண்டிருந்தவன் இருமுவான். இருமிக்கொண்டிருந்தவன் அதையும் நிறுத்திவிடுவான். தொண்ணூற்றாறில் உலகக் கோப்பை நடந்தபோது ஸ்ரீகிருஷ்ணா என்ற எழுத்தர், மேஜை இழுப்பறைக்குள் டிரான்ஸிஸ்டரை ஒளித்து வைத்து, வயரைக் காதில் செருகிக்கொண்டு, கோப்புப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான். சுப்பராமன் வயரைப் பிடித்தே டிரான்ஸிஸ்டரை வெளியே இழுத்தார். சாயங்காலம் வரை தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"ஆபீஸ் நேரத்துல என்னய்யா பந்தும் மட்டையும்? பச்சைக் குழந்தைகளா நீங்கள்ளாம்?"

இப்படிக் கேட்ட மனுஷர் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பபிள்கம்மோடு இலவசமாக வரும் கிரிக்கெட் கார்டுகள் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, மூடி மூடாத அளவுக்கு இருந்தன. ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் தங்கள் வீட்டுக்கு மட்டும் விலக்கு எழுதிக்கொள்வது புதிதல்லவே.

ஆரம்பித்து வைத்தவன் மந்தைவெளி மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்த ஆண்டனி. ஒரு நாள் சுப்பராமன் சீவல் வாங்கிவிட்டு மீதிக்குக் கை நீட்டியபோது, "சில்ற இல்ல சார், இத்த வெச்சிக்க" என்று ஒரு பபிள்கம்மைக் கொடுத்தான். காசு பெறும் பொருளைத் தூக்கிப் போடத் தணிக்கைக்காரருக்கு மனசு வருமா? வாயில் போட்டுக்கொண்டார். அது அவருடைய கட்டுப்பல்லைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. உறையைக் கசக்கப் போனவர் உள்ளே ஒரு கார்டு இருப்பதைப் பார்த்தார்.

எல்லைக்கோட்டருகே ஓர் ஆட்டக்காரன். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கைகள் இடுப்பில். கடைவாய்ப்பல் தெரிய, கண்ணை மூடிக்கொண்டு, அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். படம் எடுத்தவனுக்கு வேறு படம் அகப்படவில்லை போலும். பின்பக்கம் அச்சு இழுபட்டு, பெயரும் தெரியவில்லை, நாடும் தெரியவில்லை.

சுப்பராமன் தெருவிளக்கடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் மத்தியானக் கொட்டாவிகளை எல்லாம் மூக்கு வழியாகவே வெளியேற்றிக் கௌரவம் காத்தவர் அவர். இவனோ ஊரே பார்க்க வாயைத் திறந்திருக்கிறான். அவருக்குப் பொறாமையாக இருந்தது. உடனேயே அவனை ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு ஆண்டனி கடையில் சில்லறை இருந்தாலும் அவர் வாங்குவதில்லை, மீதிக்குப் பபிள்கம்மாகவே கேட்டு வாங்கிக்கொள்வார். "இன்னா சார், பேரனுக்கா?" என்று ஆண்டனி கேட்டபோது "ஆமாம்" என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகாத ஒரே பிள்ளை பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தான். பேரன் எங்கிருந்து வருவான்?

தெருப் பையன்கள் சதம் அடித்தவர்களையும் விக்கெட் குவித்தவர்களையும் தேடி அலைந்தார்கள். சுப்பராமனுக்கு அவர்கள் வேண்டாம். கேட்சை விட்டவன், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பவன், தண்ணீர் கொண்டுபோகும் பன்னிரண்டாவது ஆள், இவர்கள்தான் வேண்டும். நாடு வாரியாகவும் பிரிக்க மாட்டார். தலை சொறிகிறவர்கள் ஒரு கட்டு. வானம் பார்க்கிறவர்கள் ஒரு கட்டு. வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிற முகக்காரர்கள் ஒரு கட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டில்மேல் பரப்பி வைத்து, இவர்களையே அணி பிரித்து ஆட விடுவார். கொட்டாவிக்காரன்தான் எப்போதும் தலைவன். கடைவீதியில் இதற்குக் காலணாக்கூடத் தர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மனைவி காமாக்ஷி பக்கத்தில் படுத்துத் தூங்குவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "யார் ஜெயிச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பாள். "யாரும் ஜெயிக்கலை, மழை வந்துடுத்து" என்பார் அவர்.

அந்த வருஷ நவராத்திரிக்கு, கொலு வைக்க இடம் பண்ணும்போது, பிஸ்கட் டின் அலமாரியிலிருந்து கூடத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்ரீகிருஷ்ணா தன் மனைவி ஸ்ரீலக்ஷ்மியையும் ஆறு வயதுப் பெண் வர்ஷினியையும் அழைத்துக்கொண்டு கொலு பார்க்க வந்தான். வந்தவன் நேராக அந்த நாற்காலிக்குப் போனான்.

"சார், கிரிக்கெட் கார்டு! யாரோட கலெக்‌ஷன் சார்?"

சுப்பராமனுக்கு முகம் சிவந்து பிறகு வெளுத்தது. பீரோவில் பூட்டிய டிரான்ஸிஸ்டர் மனக்கண்ணில் வந்து நின்றது.

"பக்கத்தாத்துப் பசங்க போட்டுட்டுப் போயிருக்கும். குப்பை. தூக்கிப் போடணும்" என்றார். சொல்லிவிட்டு, பழைய கோப்பு ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவனை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

சுண்டல் கொண்டுவந்த காமாக்ஷியின் காதில் அது விழுந்தது. அன்றைக்குப் பார்த்துக் கூட்டமான கூட்டம். குழந்தைகளுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க வாங்கி வைத்திருந்த சீப்பும் பொட்டு டப்பியும் தீர்ந்துபோயின.

எல்லோரும் போன பிறகு சுப்பராமன் டின்னைத் திறந்தார். பாதி காலி. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். கொட்டாவிக்காரனைக் காணோம்.

"காமு! இதுல இருந்ததெல்லாம் எங்கே?"

"குழந்தைகளுக்கு வெத்தலை பாக்கோட வெச்சுக் குடுத்தேன். நீங்கதானே குப்பைன்னேள்? குப்பையைக் குடுத்துட்டான்னு நாளைக்கு யாரும் சொல்லப்படாதுன்னு மேலா இருந்ததுல நல்லதாப் பார்த்து எடுத்துக் குடுத்தேன்."

"யாருக்கு எது போச்சு?"

"வந்த குழந்தைகளை எல்லாம் வரிசையா நிறுத்தி ரசீதா வாங்க முடியும்?"

"அப்போ ஒவ்வொருத்தராத்துலயும் கேட்டு..."

"நன்னாயிருக்கு! தாம்பூலத்துல வெச்சுக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கற வழக்கம் நம்ம ரெண்டு பக்கத்துலயும் கிடையாது. கேக்கறதுன்னா நீங்களே போய்க் கேளுங்கோ. என்னோடதுன்னு சொல்லிக் கேளுங்கோ."

அதுதானே முடியாது? ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் காமாக்ஷி கொலு பார்க்கக் கிளம்பியபோது சுப்பராமனும் வேஷ்டியை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். கொலுவுக்கு ஆண்கள் போகக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் போகிறவர்கள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றுவிடுவதுதான் மயிலாப்பூர் மரியாதை. இவரோ மாடவீதி வீடுகளில் எல்லாம் பெண்களுக்கு முன்னால் உள்ளே நுழைந்து, ஒவ்வொரு படியாகக் குனிந்து, பொம்மைக்குப் பின்னால் எல்லாம் எட்டிப் பார்த்தார். "மாமா பார்க்கறதைப் பார்த்தா, கொலுவுக்கே ஆடிட் வந்தாப்ல இருக்கு" என்று ஒரு மாமி சொல்ல, காமாக்ஷி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு வீட்டு வாசலில் பையன் ஒருவன் டர்ரென்று சத்தம் வர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். பின்சக்கரக் கம்பியில் பட்டு அடிக்கும்படி ஒரு கார்டைத் துணி கிளிப்பால் மாட்டியிருந்தான். சுப்பராமன் பதறிப் போய்ப் பார்த்தார். வானம் பார்க்கிறவர்களில் ஒருவன். பாவம், பூமியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டாவிக்காரனுக்கும் இந்தக் கதிதானோ என்று கலங்கி, சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பதை நெருங்கும் மனுஷன் ஒரு அட்டைத்துண்டுக்காகத் தெருவில் கலங்கி நிற்கிறானே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தால் கலக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

போகாத வீடு ஒன்றுதான் மிச்சம். ஸ்ரீகிருஷ்ணா வீடு. அதை நாள் கடத்திக்கொண்டே வந்தார். சரஸ்வதி பூஜைக்கு முதல்நாள், "அவா வந்தாளோன்னோ, நாம போகலைன்னா மரியாதையில்லை" என்று காமாக்ஷி அவரைக் கிளப்பிவிட்டாள்.

சின்ன வீடு. ஐந்து படிக் கொலு. மாடிவீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பராமனைக் கண்டதும் ஸ்ரீகிருஷ்ணா விறைத்து எழுந்து நின்றான். சுப்பராமன் அவனைப் பார்க்கவே இல்லை. கீழ்ப்படியில், அரிசியும் பருப்பும் பரப்பிய செட்டியார் பொம்மையின் கடைக்கு முன்னால், மிளகாய் டப்பாவில் சாய்ந்தபடி கொட்டாவிக்காரன் நின்றுகொண்டிருந்தான். மாச சாமான் வாங்க வந்து, செட்டியார் எடை போட்டு முடிப்பதற்குள் அலுத்துப்போனவன்போல் வாயைத் திறந்திருந்தான்.

சுப்பராமன் தரையில் மண்டியிட்டார். கை தானாக நீண்டது.

"மாமா, அதைத் தொடப்படாது!" என்றாள் வர்ஷினி.

"குழந்தை சொல்றதைப் பொருட்படுத்தாதேங்கோ சார்" என்று ஓடி வந்தான் ஸ்ரீகிருஷ்ணா. "உங்காத்துல குடுத்த கார்டுதான். பக்கத்தாத்துப் பசங்களோடதுன்னு சொன்னேளே, அது."

பாயில் இருந்த பெண்கள் எல்லாம் இவர் பக்கம் திரும்பினார்கள். 'ஆமாம், அதுதான்' என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்துவிட்டால் கௌரவம் பிழைக்கும். இனிமேலும் அலுவலகத்தில் கடிகாரம் பயந்து ஓடும். கொட்டாவிக்காரனை மட்டும் செட்டியார் கடையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். சுப்பராமன் காமாக்ஷியைப் பார்த்தார். அவள் கொலுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னோடது" என்றார்.

"சார்?"

"டின் முழுக்க என்னோடதுதான். நான்தான் சேர்க்கறேன். பபிள்கம்மும் நானேதான் மெல்றேன்."

ஒரு மாமிக்குப் புரையேறியது. ஸ்ரீகிருஷ்ணாவின் முகத்தில் சிரிப்பும் பயமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்த்தன. ஸ்ரீலக்ஷ்மிதான் முதலில் சுதாரித்து, "ஐயோ மாமா, எடுத்துக்கோங்கோ" என்றாள்.

"பாடினாத்தான் தருவேன்" என்று குறுக்கே வந்து நின்றாள் வர்ஷினி. "கொலுவுக்கு வந்தவா எல்லாரும் பாடியாச்சு."

சுப்பராமனுக்குப் பாட வராது. கோயிலில் அவர் பஜனைக்கு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். ஆனால் வேறொன்று வரும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைக் காதோடு அணைத்துக் கேட்டுக் கேட்டு வந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"நேயர்களே, வணக்கம். சேப்பாக்கத்தில் வெயில் கொளுத்துகிறது. இதோ, பந்துவீச்சாளர் பெவிலியன் முனையிலிருந்து ஓடி வருகிறார். அளவு குறைந்து வீசப்பட்ட பந்து. தூக்கி அடித்தார்! பந்து உயரே போகிறது, இன்னும் உயரே போகிறது. அதற்குக் கீழே நிற்பவர் யார்? நம் ஆட்டக்காரர். பந்தைப் பார்க்கிறாரா? இல்லை, நேயர்களே, அவர் கொட்டாவி விடுகிறார்! அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. செட்டியார் தராசைப் போட்டுவிட்டுக் கத்துகிறார். பந்து இறங்குகிறது, இறங்குகிறது, வாய்க்குள்ளேயே போய்விடும் போலிருக்கிறது. கையை நீட்டினார்... பிடித்துவிட்டார்! பிடித்துவிட்டார்! நேயர்களே, கொட்டாவி இன்னும் முடியவில்லை!"

வீடு அதிர்ந்தது. மாமிகள் கைதட்டினார்கள். ஸ்ரீகிருஷ்ணா தான் யார், எதிரே நிற்பவர் யார் என்பதை மறந்து விசில் அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சுப்பராமனுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை பேர் முன்னால் இத்தனை சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. சிரித்தபடி வர்ஷினியிடம் கையை நீட்டினார்.

அவள் கார்டை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"தரமாட்டேன்."

"பாடினாத் தரேன்னு சொன்னியேடி!" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"மாமா எங்கே பாடினார்? பேசத்தானே பேசினார்? கார்டுல இருக்கற இவர் இவ்வளவு கெட்டிக்காரர்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் யாராவது குடுப்பாளா?"

சுப்பராமன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவரே தன் உத்தியோகத்தில் இதைவிடப் பலமான ஆட்சேபணை எழுப்பியதில்லை. வருத்தம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கார்டை அவர் பிடித்துக்கொள்கிற மாதிரியே இன்னொருவர் பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் இதுவரை பார்த்ததில்லை. அதிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"ஸ்ரீகிருஷ்ணா" என்றார், அலுவலகக் குரலைத் தேடிக் கிடைக்காமல். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்கள்ளாம் ஆத்துல இருப்பேளா? நான் கொஞ்சம் வந்து இவனைப் பார்த்துட்டுப் போகலாமா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் பெண் பதில் சொல்லிவிட்டாள்.

"நாலு மணிக்கு மேல வாங்கோ, அதுக்கு முன்னாடி நான் தூங்குவேன். வரும்போது மத்தவாளையும் அழைச்சுண்டு வாங்கோ மாமா. இவர் இங்கே தனியா நிக்கறார், பாவம்."

அலுவலகத்தில் எல்லோரும் அவரிடம் சொல்கிற அதே குரலில், கைகட்டி நின்று, "சரிம்மா" என்றார் சுப்பராமன்.