டிஸ்பென்சர் உருத்திரமூர்த்தியின் காய்ச்சல்

1

ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதையை எனக்குத் தந்தது எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட ஒரு கேள்வி. “உருத்திரமூர்த்திக்கு அப்பிடி என்ன குறை?” கேட்டவர்கள் எவரும் பதிலுக்காக நின்றதில்லை.

2

முதல் தொடக்கம்: ‘1935. இலங்கையில் கரவனெல்லைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களில் மலேரியா...’ (சரித்திரப் பாடம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் உருத்திரமூர்த்தி யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்துக்கு வந்து பதினொரு வருஷம். மலேரியாக் காலத்தில் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக நடந்து கொயினா மருந்து கொடுத்தவர். நாளைக்குத் தோட்டத் துரையின் பங்களாவில் அவருக்கு மாலை மரியாதை. பெரிய தோட்டத்துக்கு மாற்றம், பெரிய வீடு. இன்று காலையோ அவரால் சேர்ட்டுப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. கை நடுங்குகிறது.

3

இந்த இடத்தில் எனக்கே அவர்மேல் எரிச்சல் வந்தது. மாலை போடுகிற நேரத்தில் என்ன மனுஷன் இவர்! [பாருங்கள், நானும் அதே கேள்விதான்.]

நடுங்கினால் காய்ச்சல். அந்த வருஷம் வேறு நடுக்கம் யாருக்கும் தெரியாது. அவரும் அப்படித்தான் நம்பி, மூன்று கிழமையாகத் தனக்குத்தானே கொயினா கொடுத்துப் பார்த்தார். காது இரைந்ததுதான் மிச்சம்.

மனைவி குணேஸ்வரி தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, காய்ச்சல் இல்லையே.”

“தெரியும்.”

“அப்ப என்ன செய்யுது?”

“பயமாக் கிடக்கு, குணம்.”

“எதுக்கு?”

“அதுதான் தெரியேல்லை. லயத்திலை சனம் சாகேக்கைகூட எனக்கு இப்பிடி...”

அவர் முடிக்கவில்லை. நான் மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன். மூன்றும் பொய்.

4

குணேஸ்வரியிடம் இதற்கு இருந்தது ஒரே சொல்: விசர். பைத்தியம் என்று அது வாசலைத் தாண்டினால் வேலை போகும், அவர்களுடைய இரண்டு பெண்களையும் ஒருத்தனும் கட்டமாட்டான். காய்ச்சல் என்றால் எல்லாரும் கஞ்சி கொண்டுவருவார்கள். ஆனால் அவர் மறுபடி கொயினாவோடு தனியே கிடப்பார்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவள் உண்மையைச் சொன்னாள், துரை பொறுமையாகக் கேட்டார். கிழித்துப்போட்டேன், எந்தத் துரை கேட்டான்?

இன்னொன்றில் அவர் மாலையோடு சிரிக்கிறார். அடுத்த கிழமை, கிணற்றடியில்... வேண்டாம். எழுதமாட்டேன்.

5

வாசலில் லயத்துச் சுப்பம்மா வந்து நிற்கிறாள். அவள் பிள்ளையைப் பிழைக்கவைத்தவர் இவர்தான்.

“அம்மா, ஐயாவுக்குக் காச்சலாங்க?”

கட்டிலில் கிடந்தபடி அவர் குணேஸ்வரியின் வாயையே பார்க்கிறார். என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை. அவளுக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். அவருக்கும் கேட்கும்.